தோற்ற பிரசிடெண்ட் “நான் தோற்கவே இல்லை” என்றால் ஊர் என்ன செய்ய வேண்டும்

டெல்டாவில் உள்ளாட்சித் தேர்தல் பேச்சு எழுந்தாலே கூடவே ஒரு பயமும் எழும். ஓட்டுப் போடுவதில் நமக்கு ஒரு குறையும் இல்லை, காலை ஏழு மணிக்கே வயசானவர்களைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிற ஊர்கள் இவை. ரிசல்ட் வந்த மறுநாள்தான் தலைவலி ஆரம்பிக்கும். தோற்றவர் “பெட்டியை மாத்திட்டான், ஆபீசரை வளைச்சுட்டான், நான்தான் இன்னமும் பிரசிடெண்ட்” என்று டீக்கடையில் உட்கார்ந்து சொல்ல, அவர் தெரு அதை அப்படியே நம்ப, ஜெயித்தவர் தெரு வெடி போட, அடுத்த மாரியம்மன் திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை என்பது வரைக்கும் அந்தச் சண்டை ஓடும்.

இதே சண்டைதான் 2016-ல் ஆப்பிரிக்க நாடான காம்பியாவில் நடந்தது, 2020-ல் அமெரிக்காவில் நடந்தது, 2022-ல் பிரேசிலில் நடந்தது. அங்கே நாடாளுமன்றமும் ராணுவமும் சம்பந்தப்பட்டன, இங்கே மோட்டார் ரூம் சாவியும் வடிகால் வாய்க்காலும். அளவு வேறு, நடக்கிற விதம் ஒன்றேதான். அதனால் அங்கே நடந்ததையும் நம் சட்டம் வைத்திருக்கிற வழியையும் சேர்த்து, வேட்பாளர், ஏஜெண்ட், ஜெயித்தவர், தோற்றவரின் மச்சான், எந்தப் பக்கமும் சேராதவர் என எல்லோருக்கும் உபயோகப்படுகிற மாதிரி இதை எழுதுகிறேன். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு நம் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் கைக்கு நிர்வாகம் போனது. அடுத்து எப்போது தேர்தல் வந்தாலும் அதற்கு முன்னால் இதெல்லாம் தெரிந்திருப்பது நல்லது.

அவர் ஒப்புக்கொள்ளட்டும் என்று காத்திருக்காதீர்கள்

தோல்வியை ஒப்புக்கொள்வது ஒரு மரியாதை. சட்டப்படி அதற்கு எந்த வேலையும் இல்லை. தோற்றவர் ஒப்புக்கொண்டால்தான் முடிவு செல்லும் என்று அமெரிக்க அரசியல் சட்டமும் சொல்லவில்லை, 1994-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் சொல்லவில்லை. எண்ணி முடித்து, தேர்தல் அதிகாரி அறிவித்து, சான்றிதழைக் கையில் கொடுத்துவிட்டால் ஜெயித்தவர் ஜெயித்தவர்தான். ஆனால் நம் ஊர்களில் பெரிய மனிதர்கள் நாலு பேர் கிளம்பி, தோற்றவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து “ஏதோ ஒரு வார்த்தை சொல்லிடுப்பா, முடிச்சுக்குவோம்” என்று கெஞ்சுகிறார்கள். அப்படிக் கெஞ்சுவதே சட்டம் அவருக்குக் கொடுக்காத ஒரு அதிகாரத்தை ஊர் கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது, அவர் அதற்கு விலை வைக்க ஆரம்பித்துவிடுகிறார். அவரைப் போய்ப் பார்க்க வேண்டியது அவசியம், அதைப் பின்னால் சொல்கிறேன், ஆனால் அது சம்மதம் வாங்குவதற்காக இருக்கக் கூடாது.

அவர் ஒப்புக்கொள்கிறாரா என்பதை விட்டுவிட்டு, இந்த மோசடிப் புகாரை எங்கே சொல்கிறார் என்று பாருங்கள். கோர்ட்டில் சொல்கிறாரா, மைக்கில் மட்டும் சொல்கிறாரா?

2020 நவம்பரில் அமெரிக்க அதிபர் தேர்தலில் பைடனிடம் தோற்ற டிரம்பின் வழக்கறிஞர் ரூடி ஜூலியானி நாடு முழுக்கப் பேட்டி கொடுத்தார், பெரிய மோசடி நடந்துவிட்டது என்று. நவம்பர் 17-ஆம் தேதி பென்சில்வேனியாவில் நீதிபதி முன்னால் நின்றபோது, நேரடியாகக் கேட்ட கேள்விக்கு, இது மோசடி வழக்கு இல்லை என்று அவரே சொல்லிவிட்டார். ஏன்? கோர்ட்டில் பொய் சொன்னால் வக்கீல் தொழிலே போய்விடும், மைக்கில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். நாலு நாளில் அந்த வழக்கு தள்ளுபடி ஆனது. அந்தத் தேர்தலை ஒட்டி டிரம்ப் தரப்பு அறுபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் போட்டது, ஏறக்குறைய அத்தனையும் தோற்றுப்போயின, தள்ளுபடி செய்த நீதிபதிகளில் டிரம்ப் நியமித்தவர்களும் இருந்தார்கள்.

இதற்கு நேர் எதிரான ஆள் நம் ராதாபுரத்தில் இருக்கிறார். 2016 சட்டமன்றத் தேர்தலில் அப்பாவு 49 ஓட்டில் இன்பதுரையிடம் தோற்றார். 203 தபால் ஓட்டுகளைச் செல்லாது என்று ஒதுக்கிவிட்டார்கள், நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் சான்றொப்பம் போட்டது செல்லாது என்பது காரணம். அவரும் தோல்வியை ஏற்கவில்லை. ஆனால் அந்தக் குறிப்பிட்ட ஓட்டுகளை எண்ணச் சொல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார், 2019 அக்டோபரில் மறுபடி எண்ணச் சொல்லி உத்தரவும் வாங்கினார், எண்ணினார்கள், அதன் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது, அப்படியே 2021-ல் சட்டமன்றத்தின் காலமே முடிந்துபோனது. அடுத்த தேர்தலில் நின்று ஜெயித்து சபாநாயகர் ஆனார். ஐந்து வருஷப் பதவிக்கு ஐந்து வருஷம் வழக்கு இழுப்பது அநியாயம், இதை நான் மூடி மறைக்கப் போவதில்லை. கோர்ட்டு வழி மெதுவானது, பல சமயம் வயிற்றெரிச்சல் தருவது. இருந்தாலும் அந்த ஐந்து வருஷத்தில் ராதாபுரத்தில் யாரும் யார் வீட்டையும் கொளுத்தவில்லை.

ஒப்புக்கொள்வது எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் மன்னார்குடி பக்கத்தில் பைங்காநாடு துளசேந்திரபுரத்துக்குப் போங்கள். கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தா பி.வி. கோபாலன் பிறந்த ஊர். அங்கே சாஸ்தா கோவிலில் நன்கொடை கொடுத்தவர்கள் பெயர் வெட்டிய கல்லில் கமலாவின் பெயரும் இருக்கிறது. 2024 நவம்பரில் அவருக்காக அங்கே பூஜை போட்டார்கள், அவர் தோற்றார், மறுநாளே டிரம்புக்குப் போன் போட்டு வாழ்த்தினார். அத்தோடு விடவில்லை. 2025 ஜனவரி 6-ஆம் தேதி, துணை அதிபர் என்ற முறையில் நாடாளுமன்றக் கூட்டத்துக்கு அவரே தலைமை தாங்கி, டிரம்புக்கு 312, தனக்கு 226 என்று தன் வாயாலேயே படிக்க வேண்டியிருந்தது. படித்தார். சரியாக நாலு வருஷத்துக்கு முன்னால் அதே தேதியில் அதே கட்டடத்துக்குள் தோல்வியை ஏற்காத டிரம்ப் ஆதரவாளர் கூட்டம் கதவை உடைத்துக்கொண்டு புகுந்தது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். நம் பக்கத்திலும் அப்படி ஒருவர் இருந்தார்: 1967-ல் விருதுநகரில் காமராஜர் 1,285 ஓட்டில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார், அதோடு அவர் கட்சி ஆட்சியும் போனது. அவர் பெட்டியைக் குறை சொல்லவில்லை.

கவுண்டிங் ஹாலில்தான் பாதி வேலை

சண்டை வராமல் தடுக்க வேண்டிய இடம் எண்ணுகிற இடம். பிறகு வருகிற வதந்தியெல்லாம் அங்கே யாரும் கவனிக்காமல் விட்ட ஏதோ ஒன்றிலிருந்துதான் முளைக்கும். ஊரக உள்ளாட்சிக்கு நமக்கு இன்னும் காகித ஓட்டுதான்: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். பெட்டியைத் திறந்ததும் முதலில் நிறம் பிரிப்பார்கள், அப்புறம் கட்டுக் கட்டுவார்கள், அதற்குப் பிறகுதான் எண்ணிக்கை. 2020 ஜனவரி 2-ஆம் தேதி ஆரம்பித்த எண்ணிக்கை பல இடங்களில் விடிய விடிய நடந்து மறுநாளும் ஓடியது. ஏஜெண்டுகள் அசந்து தூங்கிவிடுகிற நேரம் அதுதான், பிறகு “ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்டை நிறுத்தினாங்க” என்ற கதை பிறக்கிற நேரமும் அதுதான்.

அதனால் ஏஜெண்டாகச் சொந்தக்காரப் பையன் என்பதற்காக யாரையும் அனுப்பாதீர்கள். கணக்கு வருகிற, கோபம் வராத, ராத்திரி முழுக்க விழித்திருக்கிற ஆளை அனுப்புங்கள். எங்கள் பக்கம் கூட்டுறவு சொசைட்டியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர்களைக் கேட்டுப் பிடிப்பார்கள், அவர்கள் உட்கார்ந்தால் பேனாவைக் கீழே வைக்க மாட்டார்கள். போனை உள்ளே கொண்டுபோக விட மாட்டார்கள், ஆகவே நோட்டும் இரண்டு பேனாவும் கையில் இருக்கட்டும். ஓட்டுப்பதிவு முடிந்த அன்றே பூத்தில் மொத்தம் எத்தனை ஓட்டு விழுந்தது என்று பூத் ஏஜெண்ட் எழுதி வைத்திருக்க வேண்டும். பெட்டி திறக்கும்போது சீல் அப்படியே இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். திறந்த பெட்டியில் இருக்கிற இளஞ்சிவப்புச் சீட்டின் எண்ணிக்கை அன்று எழுதி வைத்த எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இந்த ஒரு எண் கையில் இருந்தால் “பெட்டியை மாத்திட்டான்” என்ற பேச்சுக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும், அல்லது உண்மையிலேயே மாற்றியிருந்தால் அங்கேயே பிடித்துவிடலாம்.

செல்லாத ஓட்டுதான் பெரிய தகராறு. முத்திரை இரண்டு சின்னத்துக்கு நடுவில் கோட்டின் மேல் விழுந்திருக்கும், சீட்டை மடித்ததில் மை எதிர்ப்பக்கம் ஒட்டியிருக்கும், கைநாட்டு வைத்திருப்பார்கள். ஒவ்வொரு சந்தேகச் சீட்டையும் அந்த நேரத்திலேயே அதிகாரியிடம் காட்டி முடிவு கேளுங்கள். மேஜை மாறிய பிறகு கேட்டுப் பயனில்லை.

மறு எண்ணிக்கை வேண்டுமானால் முடிவை அறிவிப்பதற்கு முன்னால், எழுத்தில், காரணம் சொல்லிக் கேட்க வேண்டும். கத்துவது மனு ஆகாது. “மூன்றாவது மேஜையில் இரண்டாவது வார்டு கட்டில் எங்கள் கணக்குக்கும் உங்கள் கணக்குக்கும் ஏழு ஓட்டு வித்தியாசம் வருகிறது” என்று எழுதினால் அதிகாரியால் அதைத் தட்டிக்கழிப்பது கஷ்டம். “முறைகேடு நடந்துள்ளது” என்று மட்டும் எழுதினால் ஒரு வரியில் நிராகரித்துவிடுவார். முன்கூட்டியே வெள்ளைத்தாளில் மனுவின் தலைப்புப் பகுதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், காரணத்தை மட்டும் அங்கே நிரப்பிக்கொள்ளலாம்.

அந்த ராத்திரியில் வருகிற ஆடியோக்கள்

ரிசல்ட் அன்று வாட்ஸ்அப்பில் வருவது எதையும் அனுப்புவதற்கு முன்னால் மூன்று விஷயம் கேளுங்கள்: எந்த பூத்? எத்தனை ஓட்டு? அந்த எண்ணிக்கை ஜெயித்த வித்தியாசத்தைவிடப் பெரியதா? ராதாபுரத்தை இதில் வைத்துப் பாருங்கள். 203 தபால் ஓட்டு, வித்தியாசம் 49. சந்தேகம் நியாயமானது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தை வைத்துப் பாருங்கள். சுமார் 50 லட்சம் சீட்டுகளையும் கையால் மறுபடி எண்ணினார்கள், அப்புறம் டிரம்ப் தரப்பு கேட்டதால் மெஷினில் இன்னொரு தடவை எண்ணினார்கள், ஒவ்வொரு தடவையும் பைடன்தான் முன்னால், கடைசியில் வித்தியாசம் 11,779. அதற்குப் பிறகு 2021 ஜனவரி 2-ல் டிரம்ப் அந்த மாநிலத் தேர்தல் பொறுப்பாளர் ராஃபன்ஸ்பெர்கருக்குப் போன் போட்டு, தனக்கு 11,780 ஓட்டு கண்டுபிடிக்க வேண்டும் என்று கேட்டார். வித்தியாசத்தைவிட ஒன்று கூட. எந்த பூத்தில் என்ன தப்பு நடந்தது என்பதில் ஆரம்பிக்காமல், தேவையான எண்ணிலிருந்து பின்னோக்கி வருகிற புகாரை இப்படித்தான் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். ராஃபன்ஸ்பெர்கர் டிரம்பின் கட்சிக்காரர்தான், முடியாது என்றார்.

எண்ணுகிற வரிசையும் ஆளை ஏமாற்றும். பென்சில்வேனியாவில் தபால் ஓட்டுகளைத் தேர்தல் நாளுக்கு முன்னால் பிரிக்கவே சட்டம் விடவில்லை, ஆகவே முதல் ராத்திரி டிரம்ப் முன்னால் இருந்தார், தபால் ஓட்டுகள் எண்ண எண்ண பைடன் ஏறினார். “தூங்கப் போகும்போது ஜெயிச்சோம், விடிஞ்சதும் தோத்துட்டோம்” என்ற பேச்சு அங்கே வந்தது. நம் ஊரிலும் மேலத்தெரு வார்டை முதலில் எண்ணினால் ஒருவர் முன்னால் இருப்பார், கீழத்தெரு வார்டு வந்ததும் இன்னொருவர். பாதி எண்ணிக்கையில் மாலை வாங்க ஆள் அனுப்புகிறவர்களை நிறுத்துங்கள். அந்த மாலைதான் பிறகு “எங்களை ஜெயிச்சதா சொல்லிட்டு மாத்தினாங்க” என்று சாட்சி சொல்லும்.

திருத்தமும் மோசடி ஆகாது. காம்பியாவில் கோலிக்குண்டைப் போட்டுத்தான் ஓட்டுப் போடுவார்கள். வேட்பாளருக்கு ஒரு டிரம், குண்டை உள்ளே போட்டதும் உள்ளிருக்கும் மணி ஒரு தடவை அடிக்கும், இரண்டாவது குண்டு போட்டால் வெளியே இருக்கிறவர்களுக்குக் கேட்டுவிடும். அவ்வளவு எளிமையான முறை. 22 வருஷம் ஆண்ட யஹ்யா ஜம்மே 2016 டிசம்பர் 1-ல் நடந்த தேர்தலில் தோற்றார், மறுநாள் தொலைக்காட்சியில் ஒப்புக்கொள்ளவும் செய்தார், உலகமே பாராட்டியது. இரண்டு மூன்று நாளில் தேர்தல் ஆணையம் கூட்டலில் நேர்ந்த பிழையைத் திருத்தியது, வித்தியாசம் குறைந்தது, ஆனாலும் எதிர்த்து நின்ற அடாமா பாரோ 43.3 சதவீதம், ஜம்மே 39.6 சதவீதம். ஜெயித்தவர் மாறவில்லை. அந்தத் திருத்தத்தையே பிடித்துக்கொண்டு ஜம்மே டிசம்பர் 9-ல் பேச்சை மாற்றிக்கொண்டார். பல்லாயிரம் பேர் பயந்து எல்லை தாண்டி ஓடினார்கள், பாரோ பக்கத்து நாடான செனகலில் இருக்கிற காம்பியத் தூதரகத்துக்குள் பதவியேற்க வேண்டியதாயிற்று, அண்டை நாட்டுப் படைகள் உள்ளே வந்த பிறகுதான் 2017 ஜனவரி 21-ல் ஜம்மே நாட்டைவிட்டுப் போனார். எண் திருத்தப்பட்டது என்று செய்தி வந்தால் கேட்க வேண்டியது: முடிவு மாறியதா? திருத்தத்துக்குக் காரணத்தை எழுத்தில் சொன்னார்களா? இவ்வளவே.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இது எனக்கு மிக முக்கியம். நம் பூத்துகளில் உட்காருகிறவர்கள் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட டீச்சர்கள். முந்தின நாளே பெட்டியோடு வந்து, கொசுக்கடியில் பெஞ்சில் படுத்து, மறுநாள் சாயங்காலம் வரை உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். அவர்கள் போட்டோவைப் போட்டு “இவங்கதான் மாத்தினது” என்று எழுதாதீர்கள். ஜார்ஜியாவில் ஓட்டு எண்ணிய ஒரு தாயையும் மகளையும் ஜூலியானி அப்படித்தான் குறி வைத்தார். அவர்கள் வீட்டைவிட்டே வெளியேறி மறைந்து வாழ வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் 14.8 கோடி டாலர் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று ஜூரி தீர்ப்பளித்தது. போன நிம்மதி பணத்தில் திரும்பி வராது.

45 நாள்

நிஜமாகவே தப்பு நடந்திருந்தால் ஊராட்சிகள் சட்டத்தின் 258-ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது: முடிவு வெளியான நாளிலிருந்து 45 நாளுக்குள் மாவட்ட நீதிபதியிடம் தேர்தல் மனு. தேர்தல் மனுவைத் தவிர வேறு எந்த வழியிலும் ஊராட்சித் தேர்தலைக் கேள்வி கேட்க முடியாது என்று அரசியல் சட்டத்தின் 243-ஓ பிரிவே சொல்கிறது. ஆகவே கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பது, மந்திரியைப் பார்ப்பது, சாலை மறியல் இவற்றிலேயே 45 நாளும் கரைந்துவிட்டால் அப்புறம் எந்த வக்கீலாலும் ஒன்றும் செய்ய முடியாது. தோற்றவரின் ஆதரவாளர்கள் அவருக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி, பத்தாம் நாளுக்குள் அவரை ஒரு நல்ல வக்கீலிடம் கூட்டிப்போவதுதான். ஏஜெண்ட் எழுதிய நோட்டு, மறு எண்ணிக்கை மனுவின் நகல், அதை நிராகரித்த உத்தரவு, இந்த மூன்றும் கையில் இருந்தால் வக்கீலுக்கு வேலை சுலபம். ஒன்றுமே இல்லை, ஆத்திரம் மட்டும்தான் இருக்கிறது என்றால் நல்ல வக்கீல் அதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அதைச் சொல்லக் கேட்பதும் அவருக்கு நல்லது.

45 நாள் வரைக்கும் ஊர் அவரைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், கேலி பேசக் கூடாது. சந்தேகம் கேட்பது அவர் உரிமை. 46-ஆம் நாள் மனு எதுவும் இல்லாமல் அதே பேச்சு தொடர்ந்தால், அதைத் தேர்தல் தகராறாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்குப் பிறகு அது வெறும் கட்சி கட்டுகிற வேலை.

சாவி, புத்தகம், செக்

அமெரிக்காவில் புது ஆட்சிக்கு அலுவலகமும் பணமும் திறந்துவிட வேண்டிய அதிகாரி மூன்று வாரம் கையெழுத்துப் போடவில்லை, 2020 நவம்பர் 23-ல்தான் போட்டார். அதே நாளில் மிச்சிகனில் நடந்ததுதான் எனக்குப் பிடித்த சம்பவம். முடிவை உறுதி செய்கிற குழுவில் நாலு பேர், கட்சிக்கு இரண்டு. டிரம்ப் கட்சியின் ஆரன் வான் லாங்கவெல்ட் என்ற இளம் வக்கீல், கட்சி நெருக்கடிக்கு நடுவில், எண்ணிக்கை சரியாக இருந்தால் உறுதி செய்வது மட்டும்தான் என் வேலை, அதைத் தாண்டி எனக்கு அதிகாரம் இல்லை என்ற நிலையில் நின்று கையைத் தூக்கினார். மூன்றுக்குப் பூஜ்யம், ஒருவர் விலகிக்கொண்டார். கட்சி அவருக்கு அந்தப் பதவியை மறுபடி கொடுக்கவில்லை.

நம் ஊராட்சியில் அப்படிப்பட்ட நாற்காலி இரண்டு: ஊராட்சிச் செயலரும் துணைத் தலைவரும். செயலரிடம்தான் தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், வீட்டு வரி ரசீதுப் புத்தகம் எல்லாம் இருக்கும். பதவியேற்ற அன்றே பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ் ஆள் முன்னிலையில் ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டு, எத்தனையாம் பக்கம் வரை எழுதியிருக்கிறது என்று குறித்து, கையெழுத்து வாங்கிப் பொறுப்பேற்க வேண்டும். பழைய தலைவர் வீட்டில் ஏதாவது புத்தகமோ மோட்டார் ரூம் சாவியோ தங்கியிருந்தால் நேரில் போய்க் கேட்டுச் சண்டை போடாமல், பி.டி.ஓ.வுக்கு எழுத்தில் கொடுத்து அவர் மூலம் வாங்குங்கள்.

துணைத் தலைவர் விஷயம் சிக்கலானது. அவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இரண்டு பேர் ஒப்புதலும் வேண்டும். தோற்ற கோஷ்டி தலைவர் பதவியைக் கோட்டைவிட்டால் துணைத் தலைவர் பதவியைப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போடாமல் உட்கார்ந்துவிடும். தெருவிளக்கு பல்பு வாங்க முடியாது, தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டருக்குச் சம்பளம் போடமுடியாது, தண்டனை மொத்த ஊருக்கும். இப்படி ஆனால் எந்தத் தேதியில் எந்தச் செலவுக்குக் கையெழுத்துக் கேட்டீர்கள், என்ன காரணம் சொல்லி மறுத்தார் என்று ஒரு மாதம் போல எழுதி வைத்து, ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் கலெக்டரிடம் கொடுங்கள். வார்டு உறுப்பினர்களில் நடுவில் நிற்கிறவர்கள் யார் என்று பார்த்து அவர்களிடமும் பேசுங்கள். வான் லாங்கவெல்ட் மாதிரி ஒருவர் எல்லா வார்டிலும் இருக்க மாட்டார், ஆனால் அநேகமாக ஒரு வார்டிலாவது இருப்பார்.

அவர் வீட்டுக்குப் போங்கள்

தோற்றவர் ஏன் ஒப்புக்கொள்ள மறுக்கிறார் என்று நிதானமாகப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் ஓட்டுப்பெட்டியில் இருக்காது, அடகுக்கடையில் இருக்கும். இரண்டு மா நிலத்தை ஒத்திக்கு விட்டிருப்பார், மனைவி நகை பேங்கில் இருக்கும், மாமனார் வீட்டில் கை மாற்று வாங்கியிருப்பார். “தோத்துட்டேன்” என்று சொன்ன நிமிஷம் கடன்காரன் வாசலுக்கு வருவான். மோசடி என்று சொல்லிக்கொண்டிருக்கிற வரைக்கும் கொஞ்சம் அவகாசம் கிடைக்கிறது. ஆகவே ஊர்ப் பெரியவர்கள் போகாமல், அவருக்கு நெருக்கமான ஒரே ஒருவர் போகட்டும், மச்சானோ சித்தப்பாவோ. “ஒத்துக்கங்க” என்று ஆரம்பிக்க வேண்டாம். “மாமா, மொத்தம் எவ்வளவு வெளியில வாங்கியிருக்கீங்க? எதை முதல்ல மீட்கணும், சொல்லுங்க” என்று ஆரம்பித்தால் பேச்சு ஓடும். இரண்டாவது தடவை போகும்போது, வழக்குப் போடுவதானால் போடலாம், நான் கூட வருகிறேன், போடுவதில்லை என்றால் பையன்களை வாட்ஸ்அப்பில் எழுதுவதை நிறுத்தச் சொல்லுங்கள் என்று சொல்லலாம்.

ஜெயித்தவர் செய்ய வேண்டியது சிறிய வேலைதான், ஆனால் அதைச் செய்கிறவர்கள் குறைவு. வெற்றி ஊர்வலத்தைத் தோற்றவர் தெருவழியாகக் கொண்டுபோகாதீர்கள். அவர் வாசலில் வெடி போட விடாதீர்கள். முதல் மாதத்திலேயே அந்தத் தெருவின் எரியாத விளக்குகளை மாற்றுங்கள். நூறு நாள் வேலையில் அந்தத் தெருப் பெண்கள் பெயர் விடுபடாமல் பாருங்கள். தன் தெருவை எவனும் பழிவாங்கவில்லை என்று தெரிந்தால் அவர் பேச்சுக்குத் தலையாட்டுகிற கூட்டம் தானாகக் குறையும்.

விட்டுவிட்டால் என்ன ஆகும்

தன் ஆட்களிடம் “ஓட்டே பித்தலாட்டம்” என்று சொல்லிக்கொண்டிருப்பவர் முதலில் கெடுத்துக்கொள்வது தன் கட்சியைத்தான். 2021 ஜனவரி 5-ல் ஜார்ஜியாவில் இரண்டு செனட் (மேல்சபை) இடங்களுக்கு இரண்டாம் சுற்றுத் தேர்தல் நடந்தது, இரண்டிலும் டிரம்ப் கட்சி தோற்று, செனட்டே கைமாறியது. இரண்டு மாதமாகத் தேர்தலே ஏமாற்று என்று கேட்டவர்களில் ஒரு பகுதியினர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம் என்றுதான் நான் நினைக்கிறேன். மறுநாள் கூட்டம் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தது. அன்று ராத்திரியே அந்தக் கட்சியின் 147 உறுப்பினர்கள் முடிவுக்கு எதிர்ப்புத் தெரிவித்து ஓட்டுப் போட்டார்கள். டிரம்பைப் பதவிநீக்கம் செய்யக் கீழ்சபையில் வந்த குற்றச்சாட்டுத் தீர்மானத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்ட சொந்தக் கட்சிக்காரர்கள் பத்துப் பேர், அதில் இரண்டே பேர்தான் 2022-க்குப் பிறகு பதவியில் மிஞ்சினார்கள். உண்மையைச் சொன்னவர்கள் கட்சியைவிட்டு வெளியே, பொய்யை ஏற்றவர்கள் உள்ளே என்று ஒரு கட்சியே மாறிப்போனது.

பொய் சொன்னவர் கடைசியில் தண்டிக்கப்படுவார் என்று நம்பிக்கொண்டிருக்கவும் வேண்டாம். டிரம்ப் 2024-ல் திரும்ப ஜெயித்தார், பதவியேற்ற அன்றே அந்தக் கலவரத்தில் தண்டனை பெற்றவர்கள், வழக்கில் இருந்தவர்கள் என சுமார் 1,500 பேருக்கு மன்னிப்பு கொடுத்தார். பிரேசிலில் வேறு மாதிரி: அதிபராக இருந்த பொல்சனாரோ 2022 அக்டோபரில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றார், 2023 ஜனவரி 8-ல் அவர் ஆட்கள் தலைநகரில் நாடாளுமன்றத்தையும் உச்ச நீதிமன்றத்தையும் சூறையாடினார்கள், அதே வருஷம் ஜூனில் 2030 வரை போட்டியிட அவருக்குத் தடை வந்தது, 2025 செப்டம்பரில் 27 வருஷமும் மூன்று மாதமும் சிறைத் தண்டனை. அங்கே நீதிமன்றம் வேகமாக நடந்தது. எல்லா இடத்திலும் நடக்கும் என்று சொல்ல முடியாது.

நம் மாநிலத்தில் இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மேலூர் பக்கத்து மேலவளவு இருக்கிறது. தலித் ஒருவர் ஊராட்சித் தலைவர் ஆனதை ஏற்க மறுத்தவர்கள், 1997 ஜூன் 30-ஆம் தேதி, ஓடுகிற பஸ்ஸை நிறுத்தி, தலைவர் முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். தனித்தொகுதி ஊராட்சியில் “இந்த ரிசல்ட்டை ஏத்துக்க மாட்டோம்” என்று யாராவது சொன்னால் அது கணக்குத் தகராறு இல்லை, அதை மச்சானை விட்டுப் பேசித் தீர்க்கவும் முடியாது. அன்றைக்கே போலீஸுக்கும் கலெக்டருக்கும் எழுத்தில் புகார் போக வேண்டும். நாற்காலியில் உட்கார விடவில்லை, கொடி ஏற்ற விடவில்லை என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, அதைப் பயன்படுத்தத் தயங்காதீர்கள்.

மற்ற ஊர்களில் நஷ்டம் மெதுவாக வரும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வருவதற்குள் வாய்க்கால் தூர் வாரியிருக்க வேண்டும், அதற்கு ஊர் ஒன்றாகப் போய் நின்றால்தான் அதிகாரி அசைவார். அறுவடை நேரத்தில் நேரடி கொள்முதல் நிலையம் கேட்டுப் போகும்போதும் அப்படித்தான். ஒரு கோஷ்டி போய்க் கேட்க, இன்னொரு கோஷ்டி அது வேண்டாம், எங்கள் தெருப் பக்கம் வை என்று கேட்க, நெல் ரோட்டிலேயே கிடந்து மழையில் முளைக்கும்.

அதனால் தேர்தலுக்குப் பிறகு வருகிற முதல் கிராம சபையைச் சரியாக நடத்துங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு இருக்கிறது, எது முதலில் வருகிறதோ அது. தோற்றவருக்கு நேரில் போய் அழைப்புக் கொடுங்கள், போன் போதாது. தேர்தலைப் பற்றிய பேச்சை யார் எடுத்தாலும் தலைவர் நிறுத்திவிட வேண்டும், தோற்றவர் வடிகாலைப் பற்றிப் பேசினால் முழுசாகப் பேச விட வேண்டும், அவர் சொன்னது சரி என்றால் அவர் பெயரைச் சொல்லியே தீர்மானமாக எழுத வேண்டும். கலைவதற்கு முன்னால் தீர்மானப் புத்தகத்தில் எழுதியதைச் செயலர் உரக்கப் படிக்கட்டும். கடைசித் தீர்மானத்துக்குக் கீழே காலி இடம் விட்டிருந்தால் குறுக்கே கோடு போடச் சொல்லிவிட்டு, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.